ஏழு என்று எழுதிய பெட்டி

பிற்பகல் நான்கு மணிக்கு மேகம் கறுத்து, ஐந்து மணிக்கு இடி இறங்கி, ஐந்தேகாலுக்கு மின்சாரம் போய்விடுகிற நாள்கள் மலேசியாவின் புஞ்சாக் ஆலாமில் அபூர்வமல்ல. அப்படிப்பட்ட ஒரு நாளில், வேலையிலிருந்து திரும்பிய நான், வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, கையிலிருந்த ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் அசையாத ஆட்டோகேட்டைப் பார்த்தபடி, கால் மணி நேரம் மழைக்குள் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. மின்சாரம் இல்லாத வேளையில் கதவை அசைப்பதற்கென்றே மதிலோரத்துப் பெட்டிக்குள் ஒரு பேட்டரி இருக்கிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்று அதன் நெற்றியில் அச்சிட்டிருக்கிறது. மழை விட்டபின் அதைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட் என்று, ஒரு குறையும் இல்லாதவனைப் போலப் பதில் சொல்லிற்று. எழுதியிருப்பது ஏழு, மீட்டர் காட்டுவதோ நிறைவு, ஆனால் கதவு திறக்கவில்லை. இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

மின்னழுத்தம் என்பது வேறு, கொள்ளளவு என்பது வேறு. இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கலாம். ஒன்று குளியலறைத் தொட்டியாகவும் மற்றது மூங்கில் குழாயாகவும் இருந்தால், மட்டத்தைப் பார்த்து நீரின் அளவைச் சொல்ல முடியாது. வோல்ட் என்பது மட்டம். ஆம்பியர்-மணி என்பது நீரின் அளவு. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி. விஞ்ஞானிகளின் கணக்கில் 3600 கூலும். ஆகவே ஏழு ஆம்பியர்-மணி என்ற எழுத்தின் மெய்யை அறிய வேண்டுமானால், மட்டத்தை எட்டிப் பார்ப்பது போதாது. தொட்டியைத் திறந்துவிட்டு, அளந்து அளந்து வெளியேற்றித்தான் பார்க்கவேண்டும்.

இந்த உண்மை எங்கள் வீட்டுக்குப் புதியதும் அல்ல. இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். 1963ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், எங்கள் தொழிலாளர் லயத்தில் மின்சாரம் என்பது ஜெனரேட்டர் ஓடுகிற சில மணி நேரத்துச் சங்கதியாகவே இருந்தது. அதனால் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி கார் பேட்டரியில் ஓடிற்று. அப்பா அந்தப் பேட்டரியைச் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் எடுத்து வருவார். பேட்டரி தளர்ந்துகொண்டிருக்கிறது என்பதை எங்களுக்கு அறிவித்தது எந்த மீட்டரும் அன்று. திரையில் ஓடிக்கொண்டிருக்கிற படம் நாலு பக்கமும் மெல்லச் சுருங்கி, நடுவே ஒரு சிறு சதுரமாகிவிடும். உடனே பெட்டியை அணைத்துவிட்டு, நாளைக்குச் சார்ஜு போட வேண்டும் என்பார் அப்பா. சுமையை ஏற்றிவைத்து, அந்தச் சுமையின் கீழ் மின்னழுத்தம் எப்போது சாய்கிறது என்று பார்ப்பது என்ற பரிசோதனையை, அதன் பெயர் தெரியாமலே நாங்கள் இரவுதோறும் செய்துவந்திருக்கிறோம்.

அந்தக் கார் பேட்டரியின் வமிசம் பழையது. 1859ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டுக் காஸ்தோன் பிளான்தே என்பவர், ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் மின்னூட்டத்தக்க முதல் மின்கலத்தை உண்டாக்கினார். மின்சாரம் வெளியேறும்போது ஒரு தகட்டிலுள்ள ஈய டையாக்ஸைடும் மறு தகட்டிலுள்ள ஈயமும் ஈய சல்ஃபேட்டாக மாறுகின்றன. அமிலத்தின் வீரியம் செலவழிந்து, கரைசல் நீர்த்துப் போகிறது. மின்னூட்டும்போது எல்லாம் தலைகீழாகத் திரும்புகின்றன. ஆதலால் மூடி திறக்கும் பழைய பேட்டரிகளில் ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவையை அமிலத்தில் விட்டு, 1.28 என்று காட்டினால் நிறைவு, 1.12ஐ நெருங்கினால் காலி என்று கண்டுகொள்ளலாம். அந்நாளில் இந்தப் பேட்டரிகளின் கறுத்த பெட்டிகளும் கடினமாக்கப்பட்ட ரப்பரால் ஆனவை. லயத்தில் எங்களுக்குப் படம் காட்டிய பெட்டியும், லயத்துக்கு வெளியே அம்மா பாலெடுக்க வெட்டிய ரப்பர் மரமும் ஒருவகையில் உறவினரே.

ஆட்டோகேட்டின் பேட்டரி அதே வமிசத்தில் வந்ததுதான் என்றாலும், வாய் முத்திரையிடப்பட்டது. அதற்குள் மிதவையை விட வழியில்லை. எனவே மிஞ்சியிருக்கிற ஒரே நேர்மையான வழி, காலி செய்து அளப்பது. அதற்கென அமைந்த சாதனந்தான் எலக்ட்ரானிக் லோடு. மின்னணுச் சுமை என்று தமிழில் சொல்லலாம். நூற்றுச் சொச்சம் ரிங்கிட்டுக்கு இன்று வாங்கக் கிடைக்கிறது.

ஒரு கார் விளக்கை மாட்டிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். அப்படியும் செய்யலாம்; ஆனால் மின்னழுத்தம் இறங்க இறங்க விளக்கு உறிஞ்சும் மின்னோட்டமும் மாறிக்கொண்டே போவதால், முதல் மணியின் கணக்கு கடைசி மணிக்குப் பொருந்தாது. மின்னணுச் சுமையின் விசேஷம், பேட்டரி திடமாக இருந்தாலும் தளர்ந்திருந்தாலும் அதனிடமிருந்து ஒரே அளவு மின்னோட்டத்தைக் கறந்துகொண்டிருப்பதே. அதன் உள்ளே, மாஸ்ஃபெட் என்னும் குறைகடத்தி ஒன்று, திருகினால் கூடவும் குறையவும் செய்கிற குழாயைப் போல வேலை செய்கிறது. அதன் வழியே செல்லும் மின்னோட்டம் முழுவதும் மிகச் சிறிய மின்தடை ஒன்றைக் கடந்தே ஆகவேண்டும். அந்த மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம், 0.7 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே 0.07 வோல்ட் தோன்றும். ஆப்-ஆம்ப் என்கிற ஒப்புநோக்கும் சில்லு, இந்த 0.07ஐயும் நாம் வேண்டிய அளவையும் இடைவிடாது ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் குழாயைச் சற்றுத் திறந்தும் மிகுந்தால் சற்று மூடியும், கண்ணுக்குத் தெரியாத விரைவில் சரிசெய்துகொண்டே இருக்கிறது. இதற்கிடையில் இன்னொரு சில்லு மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்து, மின்னழுத்தம் நாம் குறித்த இறுதி வரம்பைத் தொட்டவுடன் குழாயை அடைத்துவிட்டு, மொத்தத் தொகையைத் திரையில் நிறுத்துகிறது.

வெளியேறிய சக்தி எங்கே போகிறது? வெப்பமாகத்தான். 12 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் என்றால் 8.4 வாட், அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள அலுமினியத் துடுப்புகளும், அவற்றின்மேல் காற்றை வீச ஒரு சிறு விசிறியும் இருக்கின்றன. பரிசோதனை நடக்கும்போது அந்தக் காற்றில் கையை நீட்டினால், பேட்டரிக்குள் அடைபட்டிருந்தது வெளியேறிக்கொண்டிருப்பதை உள்ளங்கையால் உணரலாம்.

பழைய பேட்டரியையும், அதற்கு மாற்றாக வாங்கிய புதியதையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் வைத்து, முழுமையாக மின்னூட்டி, சில மணி நேரம் சும்மா கிடக்கவிட்டேன்; சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் தெரிகிற மேலோட்டமான உயர்வு அடங்குவதற்கு இந்த ஓய்வு அவசியம். பிறகு சுமையை 0.7 ஆம்பியரிலும், இறுதி மின்னழுத்தத்தை 10.5 வோல்ட்டிலும் வைத்தேன். இந்தப் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஓர் அறை 1.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது அதன் ஆயுளுக்குக் கேடு, ஆறை 1.75ஆல் பெருக்கினால் 10.5. புதியது காலை எட்டு மணிக்குத் தொடங்கி, அமைதியாகச் சரிந்து, மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வரம்பைத் தொட்டது, திரையில் 6.36 ஆம்பியர்-மணி. பழையதோ மறுநாள் அதே எட்டு மணிக்குத் தொடங்கி, பத்து மணி பத்து நிமிடத்திற்குள் தீர்ந்துபோயிற்று, 1.52 ஆம்பியர்-மணி. ஏழு என்று எழுதிய பெட்டிக்குள் ஒன்றரை!

இன்னொரு நுட்பமும் அப்போதே புலப்பட்டது. சுமையை இணைத்த கணத்திலேயே பழைய பேட்டரியின் மின்னழுத்தம் 12.6இலிருந்து 12.25க்கு விழுந்தது. 0.35 வோல்ட் வீழ்ச்சியை 0.7 ஆம்பியரால் வகுத்தால் 0.5 ஓம், பேட்டரி தனக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும் மின்தடை இது. புதியதில் அந்த வீழ்ச்சி கண்ணில் படாத அளவே. கதவின் மோட்டார் புறப்படுகிற கணத்தில் 10 ஆம்பியரைக் கேட்குமானால், பழைய பேட்டரி தன் உள்தடைக்கே 5 வோல்ட்டைப் பறிகொடுத்துவிட்டு, மோட்டாருக்கு 7.6 வோல்ட்டைத்தான் நீட்ட முடியும். மல்டிமீட்டரோ ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை. கேளாதவனுக்கு முழு 12.6ஐயும் காட்டுவதில் பேட்டரிக்கு என்ன நஷ்டம்? கேட்டுப் பார்த்தால்தான் கொடுப்பவன் தரம் தெரியும் என்ற உலக நியாயம் இங்கேயும் பிசகாமல் செல்லுகிறது.

புதியதும் ஏழைத் தொடவில்லையே, அதையும் ஏமாற்று என்று கொள்ளலாமா என்றால், அவசரப்படக்கூடாது. இவ்வகைப் பேட்டரியின் மேல் எழுதப்படும் ஏழு, 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லக் காலி செய்தால் கிடைக்கும் ஏழு, அதாவது 0.35 ஆம்பியர் வீதம். அதே பேட்டரியைப் பத்து மணி நேரத்தில் காலி செய்தால் சுமார் ஆறரையும், ஐந்து மணி நேரத்தில் செய்தால் சுமார் ஆறும், ஒரே மணியில் செய்தால் நாலு சொச்சமுமே கிடைக்கும். 1897ஆம் ஆண்டில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்கெர்ட் இதை ஆராய்ந்து, மின்னோட்டம் உயர உயரக் கொள்ளளவு எந்த விகிதத்தில் குறைகிறது என்பதற்கு ஒரு சூத்திரத்தை வகுத்தார். காரணம் எளிது. தகடுகளின் நுண்ணிய துவாரங்களுக்குள் இருக்கும் அமிலம் முதலில் செலவாகிறது. வெளியிலுள்ள அமிலம் உள்ளே ஊறி வருவதற்கு அவகாசம் வேண்டும். அவசரப்படுத்தினால், உள்ளே பொருள் மிச்சமிருக்கும்போதே வாசல் வறண்டுவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் ஊறி வந்து மறுபடியும் சிறிது தரும். டார்ச்லைட்டுப் பேட்டரி தளர்ந்தால் லயத்து வாசலில் வெயிலில் காயவைத்து எடுத்து, இன்னும் இரண்டு இரவு ஓட்டுவார்களே, அந்தத் துத்தநாக மின்கலம் வேறு ஜாதியாயினும், ஓய்வும் இளஞ்சூடும் அதன் உள்ளே தேங்கி நின்ற கிரியையைக் கொஞ்சம் தூண்டிவிட்டதே அதன் ரகசியமும். ஆக, எந்த வீதத்தில், எந்த இறுதி மின்னழுத்தம் வரை, எந்த வெப்பநிலையில் என்ற மூன்று பிரமாணங்களும் கூட வராத கொள்ளளவு எண், அரை வாக்கியமே.

வெப்பநிலையைச் சொன்னேன், பழையது ஏன் இவ்வளவு சீக்கிரம் கெட்டது என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை. இவ்வகைப் பேட்டரிகளின் ஆயுள் 20 அல்லது 25 டிகிரி செல்சியஸில் கணிக்கப்படுவது. அதற்குமேல் சுமார் 10 டிகிரி உயர்வுக்கு ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் பொதுக் கணக்கு. செம்பனையை அழித்துப் புதிதாக எழுந்த எங்கள் வரிசை வீடுகளில், நிழல் என்பது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒன்று. மேற்கு வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு நிற்கும் மதிற்பெட்டிக்குள், நிழலிலேயே 33 டிகிரியைத் தொடுகிற ஊரில், அந்தப் பேட்டரி எவ்வளவு வெந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய பரிசோதனைகள் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நிகழ்ந்தவை. தமிழருக்கு இதில் பெருமை கொள்ளத்தக்க ஒரு ஸ்தலம் உண்டு. மின்வேதியியலுக்கென்றே அமைந்த மத்திய ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். 1948 ஜூலை 25ஆம் தேதி ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். பேட்டரி ஆராய்ச்சி இன்றும் அங்கே முக்கியமான ஒரு துறை. அழகப்பரின் பல வணிகங்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும் அடங்கும் என்பதை நினைக்கும்போது, இந்நாட்டுப் பால்மரத்தின் ஒரு துளியாவது அந்த ஆய்வுக்கூடத்தின் சுவரில் கலந்திருக்கக்கூடும் என்று எண்ணி, தோட்டத்துப் பிள்ளையாகிய நான் மகிழ்வதுண்டு.

இனி, ஈயத்தை விட்டு லித்தியத்துக்கு வந்தால், மின்னணுச் சுமையின் தேவை இன்னும் பன்மடங்காகிறது. 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலம் இன்று கைவிளக்கிலும், மின்விசிறியிலும், பவர் பேங்க்கிலும் புகுந்திருக்கிறது. அதை உருவாக்கிய குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். 18650 என்று வழங்கும் உருளை மின்கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது. பெயர் பெற்ற தொழிற்சாலைகளின் சிறந்த உருளைகளே 3500 மில்லி ஆம்பியர்-மணியைச் சுற்றித்தான் நிற்கின்றன; அதே அளவு உருளையின் மேல் 9900 என்று ஒட்டியிருப்பதைப் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக் கடைகளில் காணலாம். சுமையில் மாட்டி, 4.2 வோல்ட்டிலிருந்து அதன் தயாரிப்பாளர் குறித்த வரம்புக்கு, பெரும்பாலும் 3 அல்லது 2.5 வோல்ட்டுக்கு, இறக்கிப் பார்த்தால், ஒட்டியவனின் துணிச்சல் எவ்வளவு என்று இலக்கத்தில் தெரிந்துவிடும்.

ஆனால் பவர் பேங்க்கைப் பொறுத்தவரை ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அதன்மேல் எழுதிய 20,000 மில்லி ஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலங்களின் கணக்கு. பெருக்கினால் 74 வாட்-மணி. வெளியே யூஎஸ்பி துளையில் வருவதோ 5 வோல்ட். 74ஐ 5ஆல் வகுத்தால் 14,800. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று எடுத்துக்கொள்ளும் கழிவும் போனால், 12,000 முதல் 13,000 வரை சுமையில் தெரிந்தாலே அது யோக்கியமான சரக்கு. எழுதியதைவிடக் குறைவாகத் தெரிவதெல்லாம் மோசடி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன், வோல்ட் மாறினால் ஆம்பியர்-மணியும் மாறும், மாறாதது வாட்-மணியே என்பதை மனத்தில் இருத்த வேண்டும். தனி அனுமதியின்றி விமானத்தில் கொண்டுசெல்லும் வரம்பையும் 100 வாட்-மணி என்றே விதித்திருப்பது இதனால்தான்.

அளப்பவர் செய்யும் பிழைகளும் உண்டு. மெல்லிய கம்பியும் தளர்ந்த முதலைக் கவ்வியும் சேர்ந்து 0.1 ஓம் தடையை உண்டாக்கினால், 2 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் வழியிலேயே தொலைந்து, பேட்டரி காலியாகுமுன்பே சாதனம் நின்றுவிடும். குற்றம் கம்பியினுடையது, பழியோ பேட்டரிக்கு. இதற்குப் பரிகாரமாக, மின்னோட்டத்தைச் சுமக்க ஒரு ஜோடிக் கம்பியும், மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துவர வேறொரு ஜோடியும் என நான்கு கம்பிகளை இணைப்பது நல்லது. கெல்வின் பெயரால் வழங்கும் முறை இது. லித்திய மின்கலங்களை ஓடுபதித்த தரையில், எரியக்கூடியவை அருகில் இல்லாமல் வைத்து, ஆள் இருக்கும்போதே பரிசோதிக்க வேண்டும். வீங்கியதைத் தொடவே வேண்டாம். ஈயப் பேட்டரியைக் காலி செய்தால் அன்றைக்கே மின்னூட்டிவிட வேண்டும். காலியாகக் கிடந்தால் தகட்டில் படியும் சல்ஃபேட் இறுகி, திரும்பக் கரையாது. அளப்பதும் ஒரு தேய்மானமே ஆகையால், ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ போதும்.

பழையதைப் பரிசோதித்த அன்று, மேசையின் மறுபக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, விசிறிச் சத்தம் நின்றதும் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஏழு என்று எழுதியதற்குள் ஒன்றரைதான் இருக்கிறது என்றேன். சிறிது நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது மெட்ரோலாக் மாதிரியாய்யா?" என்றார்.

முப்பது ஆண்டுகள் மரம் வெட்டியவருக்கு அந்த உவமை தோன்றியது இயல்பே. பால் கொட்டகையில் வாளியை நிறுத்தால் மட்டும் சம்பளக் கணக்கு முடிந்துவிடாது; பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே, மீதி பெரும்பாலும் நீர். ஆகவே பாலை நீர் கலந்து ஒரு பாத்திரத்தில் விட்டு, அதில் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கோலைக் கிராணி என்கிற தோட்டக் கணக்கர் இறக்குவார். ரப்பர் நீரைவிட இலேசானதால், பால் கெட்டியாயிருந்தால் கோல் ஆழமாக இறங்கும். அமிலத்தில் மிதக்கும் ஹைட்ரோமீட்டருக்கு நேர்மாறு. வாளியின் எடை வேறு, அதனுள் இருக்கும் சரக்கு வேறு என்ற சூத்திரம் ஒன்றே.

"கோலு எவ்வளவு முங்குதுன்னு கிராணிக்கு மட்டுந்தான்யா தெரியும். அவரு சொல்லுவாரு, எழுதிக்குவாங்க. ஒருநாளும் எங்க கையில குடுத்ததில்ல," என்று சொல்லிவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதிய பேட்டரியின் பக்கத்தில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, தேதி, 0.7 ஆம்பியர், 10.5 வோல்ட் வரை, 6.36 என்று எழுதி, மதிற்பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த ஆண்டு அதே மேசையில் அதே வீதத்தில் அளந்து, அதன் கீழேயே எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறேன். அப்போது திரையைப் படித்துச் சொல்லும் வேலையை அம்மாவிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.